பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை போட்டதால் நகரங்களில் உண்மையில் ஏதாவது மாறியதா?

மாறியது. பஸ்ஸையே பாருங்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. 90-களில் மதுரை டவுன் பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் பீடி பற்றவைத்தால் நான்தான் முன்னால் நகர வேண்டும். இன்று அவரிடம், "அண்ணே, அணைச்சிடுங்க" என்று யாரும் சொல்லலாம், அவரும் அணைத்துவிடுவார். 2 அக்டோபர் 2008 முதல் நடப்புக்கு வந்த விதிகள் தந்த பெரிய பலன் இந்த உரிமைதான். 200 ரூபாய் வரையிலான அபராதத்துக்குப் பயந்தவர்கள் குறைவு.

ஸ்காட்லாந்தில் 26 மார்ச் 2006 முதல் பப், ஆபீஸ் என்று மூடிய பொது இடங்கள் எல்லாவற்றிலும் தடை. மாரடைப்பும் அதையொட்டிய நெஞ்சுவலியுமாக வந்து அட்மிட் ஆனவர்களை ஒன்பது மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கை 17% குறைந்திருந்தது. அப்போது சட்டம் வராத இங்கிலாந்தில் 4%தான். ஸ்காட்லாந்தின் அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு, புகைபிடிக்காதவர்கள்! எனக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இந்தியாவில் வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்கள் 2009-10இல் 52.3%, 2016-17இல் 38.7%. சட்டம் வீட்டுக்குள் நுழைவதில்லை. பாக்கெட்டில் வந்த எச்சரிக்கைப் படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் சட்டம் நேரடியாகத் தொடும் வேலை இடத்தில்? 29.9% இருந்தது 30.2% ஆனது. இறங்கவே இல்லை. இதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

காரணம், நாம் புகைப்பவரைப் பிடிக்கிறோம், இடத்துக்காரரை விட்டுவிடுகிறோம். 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்கள் தனிப் புகை அறை வைத்துக்கொள்ளலாம் என்ற ஓட்டை வேறு. அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும் பையனின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு? ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் பொது இடத்தில் வைத்துத் தரக்கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. டீக்கடையில் கயிற்றில் தொங்கும் லைட்டரைப் பார்க்காதவர் உண்டா? புகார் வந்தும் உரிமையாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் விதியை மீறினார்களோ அத்தனை அபராதத்தையும் அவரிடம் வசூலிக்க இடமிருக்கிறது. அதைச் செய்தாலே பாதி பிரச்சினை தீரும்.

உங்கள் ஆபீஸிலும் 'புகைபிடிக்கக் கூடாது' பலகை இருக்கும். புகாரை யாரிடம் தருவது என்று அவர் பெயரை இடத்துக்காரர் எழுதி வைக்க வேண்டும், அதுவும் விதி. பெயர் இல்லையென்றால் எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்.