பதினொரு புல்லாங்குழல்கள்

அன்புள்ள சார்,

வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 45. மூன்று வருடமாகப் புல்லாங்குழல் கற்கிறேன். ஐந்து கட்டைச் சுருதிக் குழல் ஒன்றில் தொடங்கினேன். இப்போது வீட்டில் பதினொன்று இருக்கின்றன. “ஒரு வாய்க்கு எத்தனை குழல்?” என்று மனைவி கேட்கிறாள். வித்வான்கள் பை நிறைய வைத்திருக்கிறார்களே என்று சொல்லித் தப்பித்துவருகிறேன். இது தேவையா, வெறும் ஆசையா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் கேள்வியைவிட உங்கள் மனைவியின் கேள்வி நன்றாக இருக்கிறது.

வித்வான்களைச் சாட்சிக்கு அழைத்தீர்கள். அவர்கள் பாதி சாட்சிதான் சொல்வார்கள். மூங்கிலில் துளை போட்டுவிட்டால் அதன் சுருதி அவ்வளவுதான். உதட்டைத் திருப்பிக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அதற்குமேல் முடியாது. குளிர்ந்த ஏசி அரங்கில் சுருதி இறங்கும், வெக்கையில் ஏறும். பரதநாட்டியக் கச்சேரிக்கு வாசிப்பவருக்கு இன்றைக்கு ஒரு கட்டையில் பாடும் ஆண் குரல், நாளைக்கு ஐந்தரையில் பாடும் பெண் குரல். பை நிறையக் குழல் இல்லாமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. கடம் வாசிப்பவர் கதையும் இதுதான். சூளையிலிருந்து வெளியே வந்த மானாமதுரைப் பானைக்கு முறுக்க ஆணியா இருக்கிறது? சுருதிக்கு ஒன்று என்று சுமக்க வேண்டியதுதான்.

சரி, உங்களை யார் கூப்பிடுகிறார்கள்? நீங்கள் வாசிப்பது கைப்பேசித் தம்பூராவோடு. அது நீங்கள் சொன்ன சுருதியில் பேசாமல் ஒலிக்கும்.

குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். நான் மிருதங்கம் கற்றவன். தக்கு சுருதிக்கு, அதாவது தாழ்ந்த சுருதிக்கு, ஒன்று வைத்திருந்தேன், 24 அங்குலம். ஆசிரியர் இரண்டு வைத்திருந்தார் என்பதற்காக, பெண் பாடகர் யாரும் என்னை அழைக்காத காலத்திலேயே, ஹெச்சு என்கிற உயர்ந்த சுருதிக்குச் சின்னதாக இன்னொன்று வாங்கினேன். ஒரு வாரம் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. பிறகு ஒருநாள் தொப்பியில், அதாவது இடது முகத்தில், நாதத்துக்காக அப்பிய ரவையைச் சுரண்டாமலே உறைபோட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். மூன்று மாதம் கழித்து உறையைக் கழற்றினால் கரப்பான்பூச்சிகள் ரவையைத் தின்றுவிட்டுத் தோலையும் பதம் பார்த்திருந்தன. மூட்டு, அதாவது முகத்துத் தோலை, மாற்றக் கொண்டுபோனேன். கடைக்காரர் வலந்தலையில், அதாவது வலது முகத்தில், இருக்கும் கருப்புக் கரணையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “புதுசா இருக்கே சார், வாசிக்கவே இல்லையா?” என்றார். அதற்குக் கொடுத்த கூலியைவிட அந்தக் கேள்விதான் கனம்.

புதுக் குழல் கையில் வந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பழையதில் கீழ் ஸ்தாயி போனால் வெறும் காற்றுதான் வரும். புதியதில் முதல் நாளே ஏதோ நன்றாக வருவதுபோல் இருக்கும். அடடா, இத்தனை நாளும் குழல்தான் சரியில்லை என்று முடிவுகட்டுகிறோம். பத்தாம் நாள் அதிலும் காற்று வரும். உடனே பன்னிரண்டாவது.

கிடார்க்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிடார் பத்திரிகையில், கிடார் வாங்கிக் குவிக்கும் வியாதி என்று கிண்டலாக எழுதினார். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கேஸ்’. நம்மூர் வாயுத்தொல்லையேதான், வரும்போது தாங்க முடியாது, போனதும் என்ன வாங்கினோம் என்றே நினைவிருக்காது. இதே கிடார் உலகத்தில்தான் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனும் இருக்கிறார். 1969இல் வாங்கிய ஒரு மார்ட்டின் கிடாரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்தார். தேய்ந்து தேய்ந்து பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த ஓட்டையோடுதான் மேடை ஏறினார்.

எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஐந்து கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். நீளக் குழல் ஒன்றும் இருக்கட்டும். விரல் எட்டாமல் திண்டாடுவதும் ஒரு பாடம்தான். மற்றவற்றைப் புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் யாருக்காவது கொடுக்கலாம்.

மனம் வரவில்லையா, அப்புறம் பராமரிப்பையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். ஏசி அறையில் மாட்டி வைக்காதீர்கள், மூங்கில் காய்ந்து வெடித்துவிடும். துணியைக் குச்சியில் சுற்றி, அவ்வப்போது உள்ளே எண்ணெய் தடவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றையும் பாயில் வரிசையாக வைத்துத் தடவ உட்காருங்கள். ஆறாவது குழலுக்கு வரும்போது மனைவியைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்.