மதியத்துக்குள் புளித்துப்போகும் தயிர்சாதம்

காலை ஏழு மணிக்குக் கட்டும் தயிர்சாதம் ஒரு மணிக்குப் புளித்து இறுகிவிடுகிறது, வெளியே சாப்பிட்டால் தூக்கம் சொக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

தயிரைக் குறையுங்கள். சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு கரண்டியால் மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றுங்கள். கலவை நீர்க்க இருக்கட்டும், சோறு குடித்துக்கொள்ளும். நன்றாக ஆறியபின் ஒரு டப்பாவுக்கு ஒரே ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர் போதும். மதியத்துக்குள் தானே உறைந்திருக்கும். ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் தயிர் விட்டால்தான் வம்பு. தயிர் பாக்டீரியாவுக்கு 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு ரொம்பப் பிடிக்கும். டப்பாவைச் சூடாக இருக்கும்போதே மூடாதீர்கள். வெள்ளரி நீர் விடும், சாப்பிடும்போது நறுக்கிப் போடுங்கள். மோர்மிளகாயைத் தனியாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நமத்துப்போகும் (அதற்குப் பிறகு அதைத் தின்பதும் ஒன்று, தின்னாததும் ஒன்று).

வெளியே என்றால் வெயில் காலத்தில் முழுச்சாப்பாடு வேண்டாம், அளவுச் சாப்பாடு சொல்லுங்கள். சாம்பாரைக் கொஞ்சத்தோடு நிறுத்தி ரசத்துக்கும் மோருக்கும் சோற்றை மிச்சம் வையுங்கள். அப்பளம் உங்கள் இஷ்டம்.