‘இனி அந்தப் பை எதற்கு?’

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் அல்ல. பென்னாகரம், அரூர் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்களில் ‘நர்ஸம்மா’ என்பார்கள். இங்கே மருந்து எழுதித் தரமாட்டேன். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதைச் சொல்வேன்.

எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து 9 வருடம் ஆகிறது. ஒரு வருடமாக வெள்ளை படுகிறது, இடுப்பு வலிக்கிறது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ‘கர்ப்பப்பை வாயில் புண், பையை எடுத்துவிடுவது நல்லது’ என்றார்கள். ‘பிள்ளை பெத்தாச்சு, ஆபரேஷனும் ஆச்சு, இனி அந்தப் பை எதற்கு?’ என்கிறார் மாமியார். தக்காளி அறுப்பு முடிந்ததும் தேதி வாங்கலாம் என்றிருக்கிறோம். எடுத்துவிடலாமா?
- வாசகி, பாலக்கோடு

தேதி வாங்காதே கண்ணு, கொஞ்சம் பொறு. உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். நம் ஊரில் தொப்புளுக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் ‘கர்ப்பப்பை’ என்று ஒரே பெயர். அந்த ஒரே பெயரால்தான் பாதிக் குழப்பம்.

கர்ப்பப்பை ஒரு தசைப் பை. முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும் பிஞ்சு மாங்காயை நினைத்துக்கொள். நீளம் ஏழரை சென்டிமீட்டர், அகலம் ஐந்து. பிள்ளை பெறாதவளுக்கு எடை ஐம்பது, அறுபது கிராம்தான். நிறைமாதத்தில் அந்தத் தசை மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. பிரசவமாகி ஆறு வாரத்தில் திரும்பவும் சுருங்கி அடங்குகிறது. மாங்காயின் காம்பு கீழ்நோக்கி இருப்பதுபோல அதன் கழுத்து பிறப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கர்ப்பப்பை வாய்.

மேலே இரண்டு மூலைகளிலிருந்தும் இரண்டு குழாய்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர். பெயர் கருக்குழாய். அதன் முனை விரல் விரித்த கைபோல இருக்கும். அந்தக் கைக்கு அருகில்தான் சினைப்பை. இங்கே தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. சினைப்பை ஒரு பட்டுக்கூடு அளவு. வெளிறிய நிறமும் கிட்டத்தட்ட அப்படியே. வலம் ஒன்று, இடம் ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால், குழாயும் சினைப்பையும் நேராக ஒட்டியிருப்பதில்லை. சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வந்ததும் குழாயின் விரல்கள் அதை ஏந்தி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கேழ்வரகு மணியின் அகலத்துக்குப் பத்து முட்டைகளை வரிசையாக வைக்கலாம்.

உனக்கு 9 வருடத்துக்கு முன் கட்டி வெட்டியது அந்தக் குழாய்களை மட்டும். பையைத் தொடவில்லை, சினைப்பையைத் தொடவில்லை. அதனால்தான் இன்றும் மாதாமாதம் தலைக்கு ஊற்றிக்கொள்கிறாய். முட்டையும் வருகிறது. போக வழியில்லாததால் உடம்பே அதைக் கரைத்துக்கொள்கிறது. மாமியார் சொல்வதுபோல உள்ளே எதுவும் ஓய்ந்துபோய்க் கிடக்கவில்லை.

இப்போது வெள்ளைப்படுதல். ‘எலும்பு உருகி வெளியே போகிறது’ என்று என்னிடம் அழுதவர்கள் எத்தனையோ பேர். எலும்பு உருகாது. கர்ப்பப்பை வாயிலும் பிறப்புப் பாதையிலும் சுரக்கும் நீர் அது. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று இழுபடும். கருமுட்டை வெளிவரும் நாட்களின் அடையாளம் அது, நோய் இல்லை. அரிப்பு, நாற்றம், மஞ்சள் பச்சை நிறம், தயிர்த்திட்டு மாதிரி விழுவது, ரத்தம் கலந்து வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் கிருமி பார்க்க வேண்டும். பெரும்பாலும் மாத்திரையில் சரியாகும். சில கிருமிகளுக்குக் கணவரும் சேர்ந்து மாத்திரை சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உனக்குச் சரியாகி மறுபடி வரும். சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவாதே. அங்கே நமக்கு உதவும் கிருமிகள் அமிலம் சுரந்து காவல் காக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கழுவிவிடுவாய்.

‘வாயில் புண்’ என்று சொல்வதில் பல, வெறும் சிவப்பு. கழுத்தின் உட்புறத்து மெல்லிய தோல் வெளியே தெரிவதால் அப்படித் தோன்றும். அதற்காகப் பையை எடுப்பதில்லை. ஆனால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வது கட்டாயம். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனையிலேயே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை உண்டு. மாறுதல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சில நிமிடத்தில் முடிந்துவிடும். தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குப் போ. பழைய ஸ்கேன், சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது கருத்து கேள்.

பையை எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு, மறுக்கவில்லை. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத பெரும் ரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், பை கீழே இறங்கி நடக்க முடியாத நிலை. அப்படி ஒரு நாள் வந்தால் மேசையில் படுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேள்: ‘பையை மட்டுமா, சினைப்பையையும் சேர்த்தா?’

ஏன் சொல்கிறேன் என்றால், வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு பெண் 29 வயதில் ‘பையை’ எடுத்துக்கொண்டாள். 38 வயதில் களத்துமேட்டில் தடுக்கி விழுந்தாள், மணிக்கட்டு ஒடிந்தது. உடம்பெல்லாம் எரிகிறது, ராத்திரி தூக்கமில்லை என்று என்னிடம் வந்தாள். சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டேன். தெரியவில்லை. சீட்டும் இல்லை. எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரப்பது அந்த இரண்டு பட்டுக்கூடுகள்தான். இரண்டும் போனால் அன்றோடு மாதவிலக்கு நின்ற கிழவியின் உடம்பு. அவற்றை விட்டுவைத்தாலும்கூட, பை போனவர்களுக்குச் சினைப்பை சில வருடம் முன்னதாகவே ஓய்ந்துவிடலாம். தன் உடம்பிலிருந்து என்ன போனது என்றே தெரியாமல் ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறார்களே?
- வாசகி, காவேரிப்பட்டணம்

நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. கரு தங்காமலிருக்க வைக்கும் அந்தச் சின்னக் கருவி கர்ப்பப்பைக்குள் இருக்கிறது. சில நேரம் நழுவிக் கீழே விழும். மிக அபூர்வமாகப் பையின் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதும் உண்டு. அதனால்தான் மாதவிலக்கு முடிந்ததும் அதன் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்கிறோம். நூல் தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகள், 13 வயது. எட்டு மாதத்துக்கு முன் பெரிய மனுஷி ஆனாள். அதன் பிறகு ஒரு முறை 24 நாளில், ஒரு முறை 43 நாளில் என்று மாறி மாறி வருகிறது. ‘கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும், வைத்தியம் பார்’ என்கிறார் அக்கா. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
- வாசகர், அஞ்செட்டி

தம்பி, நீங்கள் பேனா எடுத்து இதை எழுதியதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம். பயப்பட ஒன்றுமில்லை.

கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. கரு வந்தால் தங்குவதற்காகக் கர்ப்பப்பையின் உட்சுவரில் மெத்தை மாதிரி ஒரு படலம் வளர்கிறது. கரு வராத மாதம் அந்தப் படலம் கழன்று ரத்தத்தோடு வெளியேறுகிறது. பார்க்க நிறையத் தெரியும், ஆனால் மொத்த நாளும் சேர்த்து ரத்தம் முப்பது, நாற்பது மில்லிதான். ஆறு, எட்டு டீஸ்பூன். நாள் தள்ளிப்போனால் ரத்தம் உள்ளே தேங்கி நிற்கிறது என்று அர்த்தமில்லை. படலம் உதிர வேண்டிய உத்தரவு சினைப்பையிலிருந்து இன்னும் வரவில்லை என்று அர்த்தம். முதல் இரண்டு மூன்று வருடம் மூளையும் சினைப்பையும் பேசிப் பழகுகிற காலம். 21 நாளிலிருந்து 45 நாள் வரை மாறி வருவது இந்த வயதில் சகஜம்.

மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, வலியில் பள்ளிக்கூடம் போக முடியாமல் சுருண்டு படுத்தாலோ டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மற்றபடி ஒரு காலண்டரில் தேதி குறித்துவைக்கச் சொல்லுங்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டும். ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசம். பள்ளியிலோ உங்கள் கிராமச் செவிலியரிடமோ கேளுங்கள். கேழ்வரகுக் களியோடு கீரை, முட்டை என்று நன்றாகக் கொடுங்கள். மாதாமாதம் ரத்தத்தோடு போகும் இரும்புச்சத்து திரும்ப வர வேண்டும்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வெளியே படுக்க வைப்பது உங்கள் ஊரில் இன்னும் உண்டென்றால், உங்கள் மகளை வைக்காதீர்கள். யாராவது கேட்டால், அப்பன் வேண்டாம் என்றுவிட்டான் என்று சொல்லட்டும். பேச வேண்டிய அம்மாவும் இல்லாத பிள்ளை அது.

இரண்டும் பெண். இப்போது மூன்று மாதம். ‘உன் வயிறு ராசி அப்படி’ என்கிறார்கள். ஒரு இடத்தில் ஸ்கேன் பார்த்துச் சொல்வார்களாம், போகலாம் என்கிறார் கணவர்.
- வாசகி, அரூர்

போகாதே. ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். கையில் தூக்கிப்போகும் மெஷினை வீட்டில் வைத்துப் பார்த்துச் சொன்ன கும்பல்கள் நம் மாவட்டத்திலேயே பிடிபட்டிருக்கின்றன. அங்கே போகிறவர்களை அடுத்து அனுப்புவது கருக்கலைப்புக்கு. அந்தக் கைகளில் உன் உயிரைக் கொடுக்காதே.

உன் வயிற்றுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. உன் முட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான். ஆணின் விந்தணுவில்தான் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் முந்தினால் பெண், ஒய் முந்தினால் ஆண். 1905-லேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒரு மாவுப் புழுவின் அணுக்களில் இதைக் கண்டு எழுதிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் பழி உன் வயிற்றின் மேல்தான். கணவரையும் குறை சொல்லாதே, அவர் கையிலும் அது இல்லை.

பெண் குழந்தை வேண்டாம் என்கிறவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப்போகலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. ஏன் வர வேண்டியிருந்தது என்று உன் மாமியார் வயதுக்காரர்களுக்குத் தெரியும். சில வீடுகளுக்கு நான் பிரசவமான மறுநாள் போயிருக்கிறேன். தொட்டில் காலியாக இருந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை. உன் கணவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ, இந்தப் பதிலை அவரையே வாசிக்கச் சொல்.

எனக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு முறை துளி ரத்தம் பட்டது. வலி எதுவும் இல்லை. பேசாமல் விட்டுவிடலாமா?
- வாசகி, ஊத்தங்கரை

விடக்கூடாது அக்கா. நின்று ஒரு வருடம் தாண்டியபின் ஒரு துளி பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். பல நேரம் உள்தோல் வறண்டுபோனதால்தான் வரும், சின்ன மருந்தில் சரியாகும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் இதுதான். அதற்கும் ஆரம்பத்தில் வலி இருக்காது. சீக்கிரம் கண்டால் குணமாக்கிவிடலாம். ஸ்கேனில் உள்படலத்தின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

மருமகளிடம் சொல்லக் கூச்சம் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தை மடித்து அவள் கையில் கொடுங்கள். ரத்தம் பட்ட இரண்டு தேதிகளையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதுதான். கிருஷ்ணகிரிக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.