பழைய ஸ்பீக்கர் பெட்டி என்ன மரம், அதற்கு மறுபடியும் மெருகேற்றலாமா?

உங்கள் பெரியப்பா 1970-களின் கடைசியில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்த வியாபாரி அவற்றை "அசல் தேக்கு" என்றாராம். அது உண்மையா, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவை முழுத் தேக்காக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. என்ன மரம், என்ன பூச்சு என்று தெரியும்வரை உப்புத்தாளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

நான் செங்கோட்டைக்காரன். மரவாடிகளும் தச்சுப் பட்டறைகளும் உள்ள ஊர் என்பதால், ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் புனலூர் வரையிலான வீடுகளில் கிடந்த வளைகுடாக் காலத்துப் பெட்டிகள் சில, பழுது பார்க்க என்னிடம் வந்திருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பழுப்பாக இருந்தால் தேக்கு, கறுப்பாக இருந்தால் ஈட்டி (ரோஸ்வுட்) என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நீங்கள் சந்தித்த வியாபாரியும் அந்த வழக்கப்படிதான் சொல்லியிருப்பார்.

அக்காலத்து நிறுவனங்களில் பெரும்பாலானவை, விலை உயர்ந்த பெட்டிகளையும் மரத்தூள் பலகையில்தான் செய்தன. 1970-இல் வந்த அமெரிக்க ஜேபிஎல் நிறுவனத்தின் எல்-100 பெட்டிகூட மரத்தூள் பலகைமீது வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஒட்டியதே. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. முழு மரப் பலகை மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும், மூட்டு விலகும். தூள் பலகை அப்படி அசையாது, ஒலியோடு சேர்ந்து அதிர்வதும் குறைவு. எடையை வைத்தும் மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தேக்கு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ இருக்கும்; மரத்தூள் பலகை 600 முதல் 750 கிலோ வரை வரும். பெட்டியைத் தூக்கிப் பார்த்து "கனமாக இருக்கிறது, தேக்குதான்" என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள, வூஃபரின் (கீழ்த்தொனி தரும் பெரிய கூம்பு ஸ்பீக்கரின்) திருகுகளைக் கழற்றி அதை மெல்ல வெளியே எடுத்து, பலகையில் வெட்டப்பட்டிருக்கும் வட்டத் துளையின் விளிம்பைக் கைவிளக்கடித்துப் பாருங்கள். சிராய்களும் பொடியும் அழுத்தியதுபோல் இருந்தால் தூள் பலகை. அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் பிளைவுட். கழற்றும்போது எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தால் முகமூடி இல்லாமல் கை வைக்க வேண்டாம். இரண்டு நாள் அரிக்கும்.

அடுத்து, மேலே ஒட்டியிருப்பது மரம்தானா என்று பார்க்க வேண்டும். மரம்போல் அச்சிட்ட வினைல் தாளாக இருந்தால் ஒரே ரேகையும் ஒரே முடிச்சும் சிறிது தூரம் தள்ளி அப்படியே திரும்ப வரும், நகத்தால் தடவினால் நுண்துளைகள் தட்டுப்படாது, மூலைகளில் தாள் உரிந்து சுருண்டிருக்கும். அப்படியானால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தேய்த்து மெருகேற்ற வழியே இல்லை.

உண்மையான வெனீர் என்றால், மரத்தின் பெயரை அதன் நுண்துளைகளே பெரும்பாலும் சொல்லிவிடும். அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது வால்நட். சாக்லேட் பழுப்பு நிறம், மேற்பரப்பில் பென்சிலால் கீறியதுபோன்ற சிறிய கருங்கோடுகள். ஒரு விசித்திரம் என்னவென்றால், பல மரங்கள் நாள்பட நாள்படக் கறுக்கும்போது வால்நட் வெயில் பட்டு வெளிறும். சன்னலோரம் நாற்பது ஆண்டு இருந்த பெட்டி தேன் நிறத்துக்கு வந்துவிடுவதால்தான் அதைத் தேக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்துத் துளைகள் பெரிதாக வரிசையாக நிற்கும், தொட்டால் எண்ணெய்ப் பசை உணரப்படும், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் இலேசாகச் சுரண்டினால் பழைய தோல் வாசம் வரும். ஈட்டியில் ஊதா கலந்த கருங்கோடுகள் ஓடும், சுரண்டினால் இனிய மணம் எழும், ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியில் ஊதாச் சாயம் இறங்கும்.

உப்புத்தாளைப் பற்றி நான் இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் என் கைவேலைதான். நான் முதலில் எடுத்த ஜோடியில், மேல்பலகையில் இருந்த ஒரு வெள்ளை வளையத்தைப் போக்க எண்ணி மின்சாரத் தேய்ப்பானை ஓடவிட்டேன். வெனீரின் கனம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஓரத்தில் அரை நிமிடம் அதிகமாக நின்றதில், பழுப்புக்கு நடுவே தவிட்டு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. தெருவில் இருக்கும் ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "தோல் போயிருச்சு தம்பி, இனி சாயம்தான் பூசணும்" என்றார். சாயம் பூசினோம். அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு பூச்சாடியை வைத்திருக்கிறேன்.

ஆகவே முதலில் பூச்சு எதுவென்று பாருங்கள். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து எடுத்தால் ஒட்டிப் பிசுபிசுக்கிறதா? அது அவலரக்கு (ஷெல்லாக்) பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் போன்ற கெட்டிப் பூச்சு. அது உரியாமல் இருக்கும்வரை அதன்மீது கை வைக்காதீர்கள். ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் வைத்தவுடன் மரம் அதைக் குடித்துவிட்டால் அது எண்ணெய் மெருகு மட்டும் கண்ட பெட்டி; வேலை மிக எளிது.

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு வேண்டியது சுத்தம் மட்டுமே. டர்பன்டைன் நனைத்த துணியால் ரேகை ஓடும் திசையில் துடைத்தால் பல ஆண்டுப் புகையும் மெழுகும் கறுப்பாக வந்துவிடும். நம் வீடுகளில் ஆயுத பூசைக்கு ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். அந்தச் சிவப்பு துளைகளுக்குள் இறங்கிவிட்டால் முழுவதும் போகாது. நான் அதைப் போக்க முயல்வதையும் விட்டுவிட்டேன். பூச்சு அரக்கோ லாக்கரோ ஆனால், முன்சொன்ன கரைப்பானை மென்தூரிகையால் மிக இலேசாக ஓட்டினாலே பழைய படலம் இளகி மறுபடி சமமாகப் படியும். எண்ணெய் மெருகுக்கு, சீக்கிரம் உலரும்படி பக்குவம் செய்து 'பாயில்டு' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து பூசி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை செய்தால் போதும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

தேய்த்தே ஆக வேண்டுமானால், ஒரு மரக்கட்டையில் 320-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி, கையாலேயே, ஓரங்களைத் தவிர்த்து இரண்டே இழுப்பு. இரும்பு நார் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகளை ஸ்பீக்கர் காந்தம் இழுத்துக்கொண்டு, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான 'வாய்ஸ் காயில்' நகரும் இடுக்கில் சேர்ந்துவிட்டால் கரகரப்பு நிற்காது. தேய்ந்து மெலிந்த, பாத்திரம் விளக்கும் நைலான் நார் அந்த வேலையைச் செய்யும். வேலைக்கு வருபவர் மெலமின் என்ற செயற்கைப் பிசின் பூச்சைத் தெளித்துத் தருகிறேன் என்பார். அது கல்யாண மண்டபத்து நாற்காலிப் பளபளப்பைத்தான் தரும் என்பது என் கருத்து.

நீங்கள் மலையோரத்தில் இருந்தால் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே குற்றாலச் சாரல் வீசும் நாட்களில் அரக்கோ லாக்கரோ பூசினால், கரைப்பான் ஆவியாகிக் குளிரும் பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பால்போல் வெண்மை படரும். எண்ணெயும் காயாது. நான் தை, மாசியில்தான் செய்வேன்.

எல்லாம் காய்ந்தபின் வூஃபரைத் திரும்ப மாட்டும்போது, தூள் பலகையில் திருகுத் துளை தளர்ந்திருந்தால் ஃபெவிகால் தோய்த்த தீக்குச்சியைச் செருகிக் காயவிட்டுத் திருகுங்கள். முன்னிருந்த ரப்பர் வளையத்தையோ பசையையோ விட்டுவிடாதீர்கள். துளையில்லாத மூடிய பெட்டி என்றால், கூம்பை விரல் நுனிகளால் மெல்ல அமுக்கி விட்டதும் அது மெதுவாகத் திரும்பி வர வேண்டும். வெடுக்கென்று திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது. திருகுகளை எதிரெதிர் மூலையாக இன்னொரு சுற்று இறுக்கிப் பாருங்கள்.