தற்பாதுகாப்புக்காக அடித்தேன் என்று சொன்னால் நீதிமன்றம் விட்டுவிடுமா?

விடும். ஆனால் எத்தனையாவது அடிக்கு என்பதையும் பார்க்கும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அயல்வீட்டுக் கொழுவல் போலத்தான் தெரிகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. நான் சட்டத்தரணி இல்லை. அண்ணாவோடு இரண்டு வருடம் தவணைக்குத் தவணை அலைந்ததில் அறிந்ததைச் சொல்கிறேன்.

2016இல், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வளவு வேலிக்கு அண்ணா புதுக் கதியால் நட்டுக்கொண்டிருந்தார். அரையடி உள்ளே வந்துவிட்டதாகச் சொல்லி அயலவர் கத்தியோடு வந்தார், நல்ல வெறியில். கத்தியை ஓங்கினார். அண்ணா கையிலிருந்த பூவரசங் கதியாலால் மணிக்கட்டில் அடித்தார், கத்தி விழுந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இல்லை. அந்த மனுசன் திரும்பி ஓட, பின்னால் அண்ணாவின் இன்னொரு அடி விழுந்தது. தோள் எலும்பு முறிந்தது.

எங்கள் சட்டத்தரணி மற்ற எதையும் கேட்கவில்லை. சட்ட வைத்திய அறிக்கையில் இருந்த உடம்புப் படத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, கையில இருக்கிற காயம் சரி. இது முதுகுப் பக்கம். ஓடுறவருக்கு ஏன் அடிச்சனீர்?"

அண்ணாவிடம் பதில் இல்லை.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு, தற்பாதுகாப்பில் செய்தது குற்றமல்ல என்கிறது. ஆனால் தேவைக்கு மேலான தீங்குக்கு அந்த உரிமை இல்லை. கத்தி விழுந்து ஆள் திரும்பியதும் ஆபத்து முடிந்துவிட்டது. அதுமட்டுமில்லை, சான்றுக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவின்படி தற்பாதுகாப்பை எண்பிக்க வேண்டியவர் அடித்தவர்தான். அம்மா குசினிக்குள் நின்றவர், சத்தம் மட்டும்தான் கேட்டார். கோபத்தில் அடித்துவிட்டேன் என்றாலும் விடமாட்டார்கள். திடீர்க் கோபமூட்டல் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் செய்யாது.

எலும்பு முறிந்தால் அது கடுங்காயம், 316ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை போகலாம். 2018இல் அண்ணா குற்றத்தை ஒப்புக்கொண்டார். முன்குற்றம் இல்லை, முதலில் கத்தியோடு வந்தது அயலவர், வைத்தியச் செலவைக் கொடுக்க நாங்கள் தயார் என்பதையெல்லாம் சட்டத்தரணி எடுத்துச் சொன்னார். ஒரு வருடச் சிறை, ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒத்திவைப்பு, அதாவது உடனே உள்ளே போகத் தேவையில்லை; நட்டஈடு 75,000 ரூபாய். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிறையை இப்படி ஒத்திவைக்க முடியாது. ஐந்து வருடத்துக்குள் சிறைத்தண்டனைக்குரிய வேறு குற்றத்தில் மாட்டினால் பழையதும் சேர்ந்து வரும். அந்த ஐந்து வருடமும் அண்ணா கோயில் திருவிழாவில்கூடச் சனம் கூடுகிற பக்கம் போகவில்லை.

அடித்ததை நியாயப்படுத்துகிறேன் என்று யாராவது வரக்கூடும். இல்லை. இரண்டாவது அடி பிழைதான், அண்ணாவே சொல்வார். ஆனால் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சம்பவம் நடந்த அன்றிரவே ஒரு செய்தி இணையத்தளம் "வாள்வெட்டு" என்று தலைப்புப் போட்டு, அண்ணாவின் முகநூல் படத்தையும் ஒட்டியது. வாளும் இல்லை, வெட்டும் இல்லை. ஒத்திவைப்புக் காலம் 2023இல் முடிந்தது. அந்தப் பக்கம் இன்னும் கிடக்கிறது. தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் அதை அலைபேசியில் காட்டித்தான் எழும்பிப் போனார்கள்.

சரி, உங்கள் விசயம். சட்டத்தரணியிடம் போகும்போது யார் முதலில் ஏசினார் என்பதில் தொடங்காதீர்கள். எந்தக் காயம் உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது, நீங்கள் அடித்தபோது அவர் கையில் என்ன இருந்தது, இந்த இரண்டையும் மறைக்காமல் முதலில் சொல்லுங்கள்.