மஞ்சள் கட்டமும் பொய்முடியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகளுக்கு வயது 16. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் திருநாளுக்கு, இந்த ஆண்டு ‘க்ளூலெஸ்’ என்ற பழைய படத்தின் பொன்னிற முடி நாயகி ஷேராக வேடமிடப் போகிறாளாம். சென்ற ஆண்டும் இப்படி ஒரு படத்தின் பாத்திரமாகச் சென்றாள். உடன் படிக்கும் ஒருவர் “உன் முடியை வைத்து நீ யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டுவிட்டார். அதனால் இம்முறை பொன்னிறப் பொய்முடி வேண்டும் என்கிறாள். வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவும் தெரியவில்லை. தான் பிறப்பதற்கு முன்பே வந்த படத்தை, அதுவும் ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணின் கதையை, இவள் ஏன் பிடித்துக்கொண்டாள் என்பதும் விளங்கவில்லை.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொய்முடி தேவையில்லை. வேடத்தை அடையாளம் காட்டுவது முகமோ முடியோ அல்ல, துணிதான். நம் பள்ளிகளின் மாறுவேடப் போட்டிகளில் வெள்ளைத் தலைப்பாகையும் முறுக்கு மீசையும் கறுப்புக் கோட்டுமாக மேடையேறிய எந்தக் குழந்தையையாவது பார்த்து “பாரதியின் மூக்கு இப்படி இருக்காதே” என்று யாராவது சொன்னதுண்டா? 1955இல் வந்த ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் அணிந்த சிவப்பு மேல்சட்டையும் அதே வகைதான். வெள்ளை டீ சட்டை, நீல ஜீன்ஸ், மேலே அந்தச் சிவப்பு. அணிபவர் எந்த நிறத்தவரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், படத்தைப் பார்த்தவருக்கு அது போதும்.

ஷேரின் மஞ்சள் கட்டம் போட்ட உடுப்பு இதைவிடவும் உறுதியான அடையாளம். ஏமி ஹெக்கர்லிங் இயக்கி 1995இல் வெளிவந்த அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே, பள்ளிக்குக் கிளம்பும் ஷேர் கணினியைத் திறந்து, திரையில் மேலாடையையும் பாவாடையையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிறாள். முதலில் வந்த இணை பொருந்தவில்லை என்று கணினி மறுக்கிறது. அதன் பிறகு வருவதுதான் மஞ்சளும் கறுப்புமான கட்டம் போட்ட கோட்டும் அதே கட்டத்தில் குட்டைப் பாவாடையும். கண்ணாடியை நம்பாமல், உடுத்திய பிறகு தன்னைப் புகைப்படம் எடுத்துப் பார்க்கும் பெண் அவள். ஆக, அவள் அன்றாடம் செய்வதே வேடமிடுதல்தான். உண்மையில் அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் தொளதொளத்த கால்சட்டையும் சாயம் போன சட்டையுமாகத்தான் திரிந்தார்கள், ஷேரே தன் பள்ளிப் பையன்களைப் பார்த்து அதைச் சொல்லி முகம் சுளிக்கிறாள். ஆடை வடிவமைப்பாளர் மோனா மே அந்தத் தெருவழக்கத்தைப் பின்பற்றவில்லை. பள்ளிச் சீருடையின் கட்டத்தையும் வெள்ளை நீளக் காலுறையையும் எடுத்து, பார்த்தவுடன் கண்ணில் நிற்கும் ஓர் உடுப்பை உருவாக்கினார். அந்த உடுப்பு எங்கே தெரிந்தாலும் ஷேர் தெரிவாள்.

ஷேரின் தோழி டியான் அதே பள்ளிக்கூடக் காட்சியில் கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் வருகிறாள். டியானாக நடித்த ஸ்டேசி டாஷ் கறுப்பினத்தவர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே ஒருவரோடொருவர் கைப்பேசியில் பேசிக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு ஒரு தோழி கறுப்பு வெள்ளையில் துணைக்கு வந்தால், முடியைப் பற்றிக் கேள்வியே எழாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொன்னிற முடி தனக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று அவள் கேட்டிருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அவள் கேட்பது சென்ற ஆண்டு ஒருவர் சொன்ன ஒரு சொல்லுக்குப் பதிலாக. அந்தச் சொல்லுக்குப் பொய்முடி வாங்கினால், சொன்னவர் சரி என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். உங்களுக்கு மனம் வராததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

பழைய படங்களை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குச் சுவையானது. இந்தப் பதின்வயதுப் படங்களில் பலவற்றின் உள்விஷயமே வேடம் என்பது என் எண்ணம். ஜான் ஹியூஸ் 1985இல் எடுத்த ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ படத்தில், தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுவதும் பள்ளி நூலகத்தில் அடைக்கப்பட்ட ஐந்து பேரும் ஆளுக்கொரு பட்டத்தோடு வருகிறார்கள்: படிப்பாளி, விளையாட்டுக்காரன், கிறுக்கி, இளவரசி, ரௌடி. பட்டத்துக்கேற்ற உடுப்பும் அவர்கள் மேல் இருக்கிறது. மாலைக்குள் பட்டங்கள் கழன்று விழுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு சிகாகோ புறநகரில் உறவினர் வீட்டில் ஹாலோவீன் மாலையைக் கழித்தேன். மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது கறுப்புச் சட்டையும் கண்ணை மறைத்த முடியுமாக ஒரு பெண் வந்து நின்றாள். தான் யாரென்று சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு பாலம் வரைந்த காகிதத்தை எடுத்து, அதன் மேல் தலையை உலுக்கினாள்; முடியில் தூவி வைத்திருந்த சர்க்கரைப் பொடி பனியாக விழுந்தது. ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ படத்தில் கிறுக்கி என்று பட்டம் பெற்ற ஆலிசன் தன் ஓவியத்துக்குப் பொடுகால் பனி பெய்விக்கும் காட்சி அது. வீட்டார் முகம் சுளித்தார்கள், நான் இரண்டு கை நிறைய மிட்டாய் கொடுத்தேன். ஆலிசனை இளவரசி கிளேர் படத்தின் முடிவில் அலங்கரித்து, முடியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, ‘அழகாக்கி’ விடுகிறாள். ஆனால் அந்த அழகான ஆலிசனாக வேடமிட்டு வந்த ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் வேண்டியது பொடுகு ஆலிசன்தான். 1978இல் வந்த ‘கிரீஸ்’ படத்தின் நாயகி சாண்டியிடம் இது தலைகீழாகிறது. வெளிர்நிற உடையில் அடக்கமாக வரும் தொடக்கச் சாண்டியைத் தேடுவாரில்லை, கடைசிக் காட்சியின் இறுக்கமான கறுப்பு உடைச் சாண்டிதான் எல்லோருக்கும் வேண்டும். பிள்ளைகள் இயக்குநரின் தீர்ப்பைக் கேட்பதில்லை. எந்த உருவம் அதிகத் துணிச்சலாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஷேர் பணக்காரி என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படம் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலைத் தழுவியது. பிறர் வாழ்க்கையைத் திருத்துவதாக நினைத்துத் தொடர்ந்து தவறிழைக்கும் பெண்ணை அது செல்லமாகக் கிண்டல் செய்கிறது. உங்கள் மகளுக்கு அந்தக் கிண்டல் புரிந்திருக்கும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1984இல் வந்த ‘தி கராத்தே கிட்’ படத்தில் ஹாலோவீன் விருந்து ஒன்று வருகிறது. தன்னை அடிக்கும் பையன்களின் கண்ணில் படக்கூடாது என்பதால் நாயகன் டேனியல் குளியலறைத் திரையைத் தன்னைச் சுற்றித் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறான். செய்து கொடுத்தவர் முதியவர் மியாகி. பகைவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எலும்புக்கூட்டு உடையில் வருகிறார்கள். எனக்கு அந்தத் திரைச்சீலைதான் மேலான வேடம்.

ஆகவே தைக்கத் தெரிந்தால் தைத்துவிடுங்கள். கடையில் வரும் மெல்லிய துணியை விட, கோட்டுக்குரிய கனமான கட்டத்துணியே நல்லது. கோட்டின் முன்பக்கம் இரண்டும் சேரும் இடத்திலும் தையல் ஓரங்களிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதால், அளவுக்கு மேல் கொஞ்சம் துணி கூடுதலாக எடுங்கள். உள்ளே வெள்ளைச் சட்டை, அதன் மேல் மஞ்சள் ஸ்வெட்டர், முழங்காலுக்கு மேல் வரும் வெள்ளைக் காலுறை. அக்டோபர் 31 இரவில் உங்கள் ஊரில் குளிர் கடுமையாக இருக்கலாம். பாடுபட்டுச் செய்த வேடத்தின் மேல் தாய்மார்கள் கனத்த மேலங்கியைப் போட்டு மூடிவிடுகிறார்கள் என்பது அமெரிக்கப் பிள்ளைகளின் நெடுநாள் புகார். ஷேரின் வேடத்தில் மேலே இருப்பதே கோட்டு என்பதால் அதற்குள் கம்பளிப் பனியன் ஒன்றை நீங்கள் நுழைத்துவிட முடியும்.

அன்புடன்.