எதை மீட்கிறோம், யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு செய்தித் தளத்தில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். அண்மையில் ஒரே நாளில் என் மேசைக்கு வந்த தலைப்புகள்: 'கிணற்றில் விழுந்த சிறுவன் மீட்பு', 'மாயமானவர் சடலமாக மீட்பு', 'காரில் கடத்திய கஞ்சா மீட்பு', 'அழிந்த கோப்புகளை மீட்பது எப்படி?' சிறுவனுக்கும் கஞ்சாவுக்கும் ஒரே சொல்லா என்று கேட்டேன். மூன்றே எழுத்து, தலைப்புக்கு வசதி என்று மூத்தவரிடமிருந்து பதில் வந்தது. அகராதியைப் பார்த்தால் திரும்பப் பெறுதல், விடுவித்தல், காப்பாற்றுதல் என்று நிறையப் பொருள் இருக்கிறது. இத்தனை வேலையையும் இந்தச் சொல் தாங்குமா? வீணையை மீட்டுவதும் இதே சொல்தானா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அகராதி சொல்லும் பொருள்களுக்கு அடியில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. யாருக்கு மீட்கிறோம்? ஒருவருக்கு உரிய ஒன்று கைவிட்டுப் போகிறது. பிறர் பிடியில், ஆபத்தில், அல்லது கடனில் சிக்குகிறது. அதை உரிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் மீட்பு. வெறுமனே எடுப்பதற்கும் பெறுவதற்கும் கைப்பற்றுவதற்கும் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன. அதனால் கஞ்சாவை மீட்க முடியாது. கடத்தியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவா போகிறோம்? அது பறிமுதல். அதே காரில் திருட்டு நகை இருந்திருந்தால் 'நகை மீட்பு' என்று தாராளமாக எழுதலாம். அந்த நகைக்காக ஒரு வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள்.

இந்த உரிமைப் பொருள் நேற்று வந்ததல்ல. போரைப் பாடும் பழைய புறத்திணையில் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவர்ந்து போனதை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள்ளேயே வைத்தார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாக்கியது. இரண்டு பக்கமும் மாடுகள் அதே மாடுகள்தான், ஓட்டிக்கொண்டு போவதும் ஒரே மாதிரிதான். யாருடைய மாடு என்பதில்தான் திணையே மாறுகிறது. செங்கம், தருமபுரிப் பக்கத்தில் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற வாசகம் வரும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். மந்தை ஊர் திரும்பியது, அவன் திரும்பவில்லை. மீட்பு என்ற சொல்லைத் தொடும்போதெல்லாம் அதற்கு ஒருவர் கொடுத்த விலையும் கூடவே வருகிறது என்று எனக்குத் தோன்றுவது இந்தக் கற்களால்தான்.

விலை கொடுத்து மீட்பதை நாம் அதிகம் பார்ப்பது அடகில். பேச்சில் 'நகையைத் திருப்பணும்' என்போம், எழுத்தில் மீட்பு. கெடு தாண்டிப் போனால் நகை 'மூழ்கிப் போச்சு'. நிலத்துக்கு வந்தால் இது சட்டம் காக்கும் உரிமை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 60ஆம் பிரிவில், கடனைக் கட்டி அடமானச் சொத்தைத் திரும்பப் பெறும் உரிமையைச் சொல்கிறது. அந்த உரிமையை முடக்கும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருந்தாலும் நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. மீட்கக் கோரி வழக்குப் போடுவதற்கு 30 ஆண்டு காலம் தரப்பட்டிருக்கிறது. கடன் கொடுத்தவரிடம் இருப்பது பிடி மட்டுமே, பொருள் இன்னும் வைத்தவருடையது என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடிப்படை.

கிறித்தவ வழக்கில் மீட்பர் என்ற சொல்லும் இந்த வழியில் வந்ததுதான். விவிலியத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், வறுமையால் ஒருவன் விற்ற நிலத்தை அவனுடைய நெருங்கிய உறவினன் வந்து மீட்கலாம் என்று விதி இருக்கிறது. யோபு 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்று சொல்லும்போது, தன் சார்பில் வந்து நின்று மீட்கும் அந்த உறவினன் நம் மனத்தில் இருந்தால் அந்த வரியின் கனம் தெரியும்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை அதிகம் தடுத்து நிறுத்துவது சுந்தரர். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரு கண்ணும் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். காஞ்சியில் ஒரு கண் திரும்பியது. மற்றதைக் கேட்டுத் திருவாரூரில் பாடுகிறார். இழந்ததை மீட்டுத் தா என்று கேட்கிற பதிகம் அது. தொடங்குவதோ 'மீளா அடிமை உமக்கே ஆளாய்' என்று! பொருள் கொடுத்து மீட்டுக்கொள்ளக்கூடிய அடிமை அல்ல, எந்த விலைக்கும் மீளாத அடிமை. திருவெண்ணெய்நல்லூரில் அடிமை ஓலையைக் காட்டித் தன்னைத் தடுத்தாட்கொண்ட சிவனிடம், அந்த ஓலையின் மொழியிலேயே பேசுகிறார். நான் உன்னைவிட்டு மீள மாட்டேன், என் கண் என்னிடம் மீளட்டும் என்கிறார். கேட்டும் பலன் இல்லையென்றால் 'வாழ்ந்து போதீரே' என்று கோபித்தும் கொள்கிறார். உரிமை உள்ளவர் பேசுகிற பேச்சு இது.

அடிமை என்றதும் கொத்தடிமைகளைச் சொல்லாமல் போக முடியாது. 'கொத்தடிமைகள் மீட்பு' என்ற தலைப்பு உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். மிகச் சரியான பிரயோகம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அவர்களைப் பிடித்து வைத்திருந்த கடனையே இல்லாமல் ஆக்கியது. அடகு நகைக்குப் பணம் கட்டியாக வேண்டும், மனிதருக்குக் கட்ட வேண்டியதில்லை. யாருக்கு மீட்கிறோம் என்ற கேள்விக்கு இங்கே பதில், அவரை அவருக்கே.

சிலை மீட்பும் அப்படித்தான், உரியவர் யார் என்ற கேள்வியில் நிற்கிறது. பத்தூர் நடராசர் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறி, லண்டன் போய்ச் சேர்ந்தார். அவரைக் கேட்டு நடந்த வழக்கில், இடிந்து கிடந்த அந்தக் கோயிலுக்கே வழக்காடும் தகுதி உண்டு என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. 1991இல் நடராசர் திரும்பினார். கேட்பதற்கு உரிமையுள்ள ஒருவர் இருந்ததால்தான் அது மீட்பு ஆயிற்று. கோப்புகளை மீட்பதும் பொருந்தும். கணினியின் வன்வட்டில் ஒரு கோப்பை அழித்தால் பெரும்பாலும் அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புதான் நீங்குகிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதனால்தான் முதலில் அந்த வட்டில் வேறு எதையும் பதியாதீர்கள் என்கிறார்கள்.

ஆனால் சொல்லை வைத்து ஏமாற்றவும் முடியும். இலங்கையில் 'மீள்குடியேற்றம்' என்பது அரசுச் சொல். 'மறுகுடியேற்றம்' என்றிருந்தால் வேறு. மறு என்றால் இன்னொரு முறை, அது எங்கும் நடக்கலாம். மீள் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களின் காணி இராணுவத்திடம் இருக்க, 2012இல் அவர்களை வேறிடத்தில் ஒரு மாதிரிக் கிராமத்தில் குடியமர்த்தினார்கள். அதற்குப் பெயரும் மீள்குடியேற்றம்தான். 2017இல் அந்த மக்கள் இராணுவ முகாம் வாசலில் உட்கார்ந்து தங்கள் காணியைக் கேட்டார்கள். 'மீள்' என்ற சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்டவர்கள் அந்த மக்கள்தான்.

சரி, உங்களை உறுத்திய இரண்டாவது தலைப்புக்கு வருகிறேன். 'சடலமாக மீட்பு'. சடலத்துக்கு மீட்பு என்ற சொல்லே பொருந்தாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறு கொண்டுபோன உடலை, இடிபாட்டில் புதைந்த உடலை எடுத்துவந்து வீட்டாரிடம் கொடுப்பது பெரிய மீட்பு. அந்த உடல் கிடைக்காமல் அழவும் முடியாமல் நாள்கணக்கில் கரையில் நிற்பவர்களிடம் கேட்டால் தெரியும். ஆகவே 'ஆற்றில் மூழ்கியவரின் உடல் மீட்பு' சரியான தமிழ். 'அவர் சடலமாக மீட்கப்பட்டார்' சரியில்லை. அந்த வாக்கியத்தில் மீட்கப்பட்டவர் 'அவர்'. அவர் மீட்கப்படவில்லை. அவரை மீட்கத்தான் முடியாமல் போயிற்று. அலைபேசியில் செய்தியைத் தேடுகிற ஓர் அம்மாவின் கண் முதலில் 'மீட்பு' என்பதில்தான் போய் விழும். அதற்கு முன்னால் உள்ள சொல்லை அவர் அப்புறம்தான் படிப்பார். அவருக்கு அந்த ஒரு நொடியைக் கொடுத்துப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. இன்னார் என்று தெரியாத உடலென்றால் 'கண்டெடுப்பு' போதும்.

2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 17 நாள் சிக்கிக் கிடந்த 41 தொழிலாளர்களும் வெளியே வந்தபோது 'மீட்பு' என்ற ஒற்றைச் சொல்லே எல்லாவற்றையும் சொல்லியது. 'உயிருடன்' என்று சேர்க்கத் தேவையே இல்லை. சடலத்துக்கும் கஞ்சாவுக்கும் அதைக் கண்டபடி செலவழித்த பிறகுதான் 'உயிருடன் மீட்பு' என்று முட்டுக்கொடுக்க வேண்டி வருகிறது. உங்கள் மூத்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் தேடும் மூன்றெழுத்தின் வலிமையும் இதில்தான் இருக்கிறது.

வீணைக்கு வருவது 'மீட்டு' என்ற வினை, புழக்கத்தில் இதனின்று தனியாக நடக்கிறது. மீட்க என்றால் மீட்டான், மீட்டு, மீட்பு. மீட்ட என்றால் மீட்டினான், மீட்டி, மீட்டல். நகையை மீட்டு வந்தார், வீணையை மீட்டிப் பாடினார். 'அடகு நகையை மீட்டினார்' என்று செய்தி வந்தால் தயங்காமல் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்